பஞ்சுவுக்கு எடுத்த சக்கரம்

நேற்று உன்னால் ஒரு கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். கரையான்சாவடியில் அதே வண்ண மீன் கடைதான். வாசலில் அதே நீலக் கம்பிச் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வெள்ளெலிக் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவள், எனக்கென்ன வந்தது? படியேறிப் போய் அவள் விரலிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கிவிட்டேன். இது எலிக்கு ஆகாது, கம்பி இடுக்கில் வால் மாட்டினால் தோலோடு உரிந்து வந்துவிடும் என்றேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அந்தம்மா போச்சுன்னு பாத்தா நீ வந்துட்டியா" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் வாய்க்குள்ளே திட்டிக்கொண்டே வந்தேன். ஆவடி வந்து இறங்கும்போதுதான் அந்தக் கோபம் யார்மேல் என்று எனக்கே புரிந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அம்பத்தூர் கம்பெனியில் பதினோரு வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வண்டி உதிரிபாகம் சோதித்தோம். முடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் நீ அதைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாய். சின்னதுதானே, விட்டுவிடேன் என்று சூப்பர்வைசர் கெஞ்சினால், "அந்த வண்டில நீயா போவப்போற?" என்று கேட்பாய். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். உன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. நானும் அதை நம்பினேன், அதுதான் என் முட்டாள்தனம்.

என் மகளுக்கு மீன் வாங்கத்தான் அன்றைக்கு அந்தக் கடைக்குப் போனோம். கீழ்த்தட்டுக் கண்ணாடித் தொட்டியில் வெள்ளெலிகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. வளர்ப்பதற்கா என்று கேட்டாய். பெரிய மீனுக்குத் தீனி என்றார் கடைக்காரர், அரிசி விலை சொல்கிற குரலில். நீ ஓரத்தில் கிடந்த ஒரு குட்டியைக் காட்டி வாங்கினாய். சாப்பாட்டுப் பையில் அதை வைத்துக்கொண்டு சேக்காடு வரை வந்தாய். "ஊட்ல ஓடற எலிக்கு மருந்து வெக்கறோம், இவ எலிய ஊட்டுக்கு இட்டுகினு போறா" என்று வழியெல்லாம் உன்னைக் கேலி செய்தேன். மறுநாள் வேலைக்கு வந்ததும் முதல் பேச்சு, பேர் வைத்துவிட்டேன், பஞ்சு.

அந்த நீலக் கம்பிச் சக்கரத்தை முதலில் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். சின்னதாக அழகாக இருக்கிறது, இது போதும் என்றேன். ஒரே வாரத்தில் பஞ்சுவின் வால் நுனி அதில் சிக்கிப் போய்விட்டது. நீ லீவு போட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாய். பதினோரு வருஷத்தில் நீ சொல்லாமல் போட்ட லீவு அது ஒன்றுதான். காய்ச்சலிலும் வந்து உட்கார்ந்தவள், எலி வாலுக்கு லீவு போட்டாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு சக்கரம் தேடும் படலம் ஆரம்பித்தது. ஒரு வேர்க்கடலையை எட்டிப் பிடிக்க வைத்து, பஞ்சு நீளமாக உடம்பை நீட்டும்போது மூக்கிலிருந்து வால் தொடக்கம் வரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டாய். சக்கரத்தின் குறுக்களவு அந்த நூலைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும், ஓடும்போது முதுகு வளையக் கூடாது. ஓடுகிற தளம் இடுக்கே இல்லாமல் மூடியிருக்க வேண்டும். ஏறி இறங்குகிற பக்கத்தில் குறுக்குக் கம்பி கூடாது. அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற வேகத்தில் சாய்ந்துவிடும். பூந்தமல்லியில் ஒரு கடை பாக்கியில்லை. ஐயப்பன்தாங்கல் வரை போனோம். போனில் வரவழைத்தாய், பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அகலம். "இது சுண்டெலிக்கு" என்று அப்படியே திருப்பி அனுப்பினாய். எலிக்குச் சக்கரம் பார்க்கிறாயா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாயா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். நீ நிதானமாகச் சொன்னாய்.

"வலிக்குதுன்னு அது வாயத் தொறந்து சொல்லாதுடி. வலியோடவே ஓடும். நாமதான் குனிஞ்சு பாக்கணும்."

சொன்னாயே, நீயே உன் வாயால் சொன்னாயே!

பெரிய சக்கரம் வந்திருக்கிறது என்று கடைக்காரர் போன் செய்த ஞாயிற்றுக்கிழமை. கடைப்படியில் ஏறும்போது நின்றாய். இடது தோளை நீவிக்கொண்டாய். முகமெல்லாம் வேர்வை. என்ன என்று கேட்டேன்.

"காலைலேந்து நெஞ்ச அமுக்கிகினே கீதுடி" என்றாய்.

"கேஸுதான், வேற இன்னா" என்றேன்.

நம் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்தால் அது கேஸ்தானே. அதற்கு மேல் யார் யோசிக்கிறோம்? காலையில் வெறும் வயிற்றில் டீ குடித்திருப்பாய் என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன். பக்கத்துக் கடையில் இஞ்சி சோடா வாங்கி, குடி என்று கையில் திணித்தேன். பெரிய ஏப்பமாக வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். ஏப்பம் வந்ததும் ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

அப்புறம் ஒரு மணி நேரம் அந்தச் சக்கரத்தைச் சோதித்தாய். உள்பக்கம் முழுக்க விரல் விட்டுத் தடவினாய். ஓரத்தில் ஒரு பிசிறு தட்டியது என்று முதல் பெட்டியைத் தள்ளினாய். இரண்டாவதைப் பிரிக்கச் சொல்லி, நூலை வைத்து அளந்து, சுற்றிவிட்டு அச்சில் காதை வைத்துக் கேட்டாய். நடுநடுவே தோளை நீவிக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் பிசிறுக்குக் கொடுத்த மரியாதையை உன் நெஞ்சுக்கு நீ கொடுக்கவில்லையே, பாவி. கூடவே நின்ற நானும்தான் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் அண்ணன் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எலி வளர்த்ததுதான் வீட்டுக்கு ஆகவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் கொல்லவும் மனசு வரவில்லை போலிருக்கிறது. பிள்ளையார் கோயில் வாசலில் விட்டுவிடப் போவதாகச் சொன்னார், அவர் வாகனத்தை அவரே பார்த்துக்கொள்வாராம். சுற்றியிருந்தவர்களும் அது புண்ணியம் என்று தலையாட்டினார்கள். பிறந்ததிலிருந்து தெருவையே பார்க்காத எலி.

"பிள்ளையார் பாப்பாரு. பூனையும் பாக்கும்ணா" என்றேன்.

கூண்டையும் சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டேன். காரியச் சோற்றில் கை வைக்காமல் போகிறாளே என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும்.

பஞ்சு கிழவியாகிவிட்டாள். பின்னங்கால் இழுக்கிறது, ஓடுவதில்லை. மெல்ல ஏறி அந்தச் சக்கரத்துக்குள் படுத்துத் தூங்குகிறாள். இறங்கி நடக்கும்போது முதுகைக் குனிந்து பார்க்கிறேன். கூன் விழவில்லை. நீ எடுத்தது சரியான சக்கரம்தான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் உன்னை இழுத்து வைத்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது. உன் நூல் என் பர்ஸில் இருக்கிறது, முடிச்சை அவிழ்க்கவில்லை.

போன மாதம் உன் நாற்காலியில் புதிதாக வந்திருப்பவள், சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைத் தடவினாள். கேஸ்தான்க்கா, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்து ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் பட்டை பட்டையாக ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, கேஸ்தான்மா என்றார். கம்பெனியே சிரித்தது. அரை நாள் சம்பளம் போனதென்று அவள் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தினமும் எதிரே உட்கார்ந்து உர்ரென்று சோதித்துக்கொண்டிருக்கிறாள். நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் போகட்டும். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.