ராட்டினம் ஏறிய கயிறு

மச்சான்,

கார்னிவல் மறுபடியும் வந்திருக்கிறது. துறைமுகத்து ரயில் தண்டவாளத்தை ஒட்டிய அதே மைதானம், அதே ராட்சத ராட்டினம். நேற்று ஆபீஸ் விட்டு வரும்போது அதன் எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிந்த எண்ணெய் நாற்றம் கடல்காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. என் வலது கை தானாக மூடிக்கொண்டது. சைக்கிளை நிறுத்தி இறங்கி, நடுரோட்டில் நின்று உம்மைத் திட்டினேன். செத்து ஒன்பது மாதம் ஆன மனிதரைத் திட்டுவது பாவம் என்று அக்கா சொல்வாள். சொல்லட்டும். உயிரோடு இருந்தபோது திட்டினால் மட்டும் என்ன செய்திருப்பீர்? கேட்காத இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்.

வீட்டுக்கு வந்தால் உம் மகள் பிலோமி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் கிறிஸ்மஸுக்கு விட்டாயிற்றாம், ராட்டினத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். ராட்டினமும் வேண்டாம் கீட்டினமும் வேண்டாம் என்று கத்தினேன். ஒன்பது வயதுப் பிள்ளை முகம் சுருங்கி உள்ளே போய்விட்டது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மூணு வருசமா அந்த ராட்டினம் உன் தலைக்குள்ளதான் சுத்துதாலே?” என்று கேட்டாள்.

அங்கேதான் சுற்றுகிறது. வேறு எங்கே போகும்?

யுத்தம் முடிந்து வந்த இரண்டாவது கிறிஸ்மஸ் அது. முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுகாலம். சர்க்காருக்குச் சங்கு எடுத்துக் கொடுப்பதுதான் உமக்குச் சோறு. நம் கரையில் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் பெண்சாதியின் உடன்பிறந்தான். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட அவ்வளவு நம்பமாட்டார்கள். தன் அக்காள் தாலி என்று நினைத்துப் பிடிக்கிறவன் கைதான் கை. எனக்குப் பதினான்கு வயதானபோது உம் கயிற்றை என்னிடம் கொடுத்தீர். நான் பாளையங்கோட்டைக்குக் காலேஜ் படிக்கப் போன பிறகும் வேறு ஆளை வைக்கவில்லை. நான் ஊரில் இல்லாத நாட்களில் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிவிட்டு, ஆழக்கடலுக்கு என் லீவுக்காகக் காத்திருப்பீர். அப்படிக் காத்திருந்த மனிதர் நீர். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

உம்முடைய சட்டம் இரண்டே இரண்டு. கீழேயிருந்து நீர் இரண்டு இழுப்பு இழுத்தால் நான் தூக்க வேண்டும். மேலே நான் கயிற்றைக் கைமாற்றினாலும் சரி, விட்டாலும் சரி, அதற்கு முன்னால் ஓர் இழுப்பு இழுத்துச் சொல்ல வேண்டும். “கீழ கெடக்கவனுக்கு வேற பேச்சு கெடையாதுலே” என்பீர். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதில் தவறியதில்லை.

அன்று சாயங்காலம் கார்னிவலுக்குப் போகிற வழியில் வரப்போகும் குளிப்புக்கென்று புதுக்கயிறு வாங்கினீர். சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டே உள்ளே வந்தீர். வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னதை நீர் காதில் வாங்கவில்லை. அப்போது இரண்டு காதும் கேட்கும் உமக்கு. கண்ணாடிக் கூடாரம் பார்த்தோம், கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பார்த்தோம். பிறகு பிலோமி ராட்டினத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அக்காவுக்குத் தோணியில் ஏறினாலே தலை சுற்றும். ஆகவே பிள்ளையோடு நீர் ஏறினீர்.

பத்துப் பாகம், அறுபது அடி ஆழத்தில் இருட்டுக்குள் கைவிட்டுச் சங்கு பொறுக்குகிறவர், தரையிலிருந்து இரண்டு முழம் உயர்ந்த தொட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தீர். முகம் வெளுத்துவிட்டது. தோளில் கிடந்த சுருளை அவிழ்த்து உம் இடுப்பையும் பிலோமி இடுப்பையும் சேர்த்துக் கட்டினீர். மறு முனையை என் பக்கம் நீட்டினீர்.

“ஏலே, பிடிச்சுக்கோ.”

மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிறீரா என்று ராட்டினக்காரன் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதை நான் தாங்கியிருப்பேன். ஆனால் என் பின்னால் அப்போதுதான் வந்து சேர்ந்த காலேஜ் சிநேகிதர்கள் இரண்டு பேர் நின்றார்கள். நாசரேத்துப் பக்கம், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள். துறைமுகம் பார்க்க நான்தான் வரச்சொல்லியிருந்தேன். மைத்துனருக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, கவர்மெண்டில் சங்கு டிப்பார்ட்மெண்ட் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆபீசர் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை.

கயிற்றை வாங்கிக்கொண்டேன். அடுத்த தொட்டிலில் ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் கொஞ்சம் நகர்ந்தது. நீர் மேலே போனீர். என் கையிலிருந்த கயிறும் உம்மோடு நிமிர்ந்தது. பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவன், “யாருடா அது, உனக்குத் தெரிஞ்ச ஆளா?” என்றான். நான் கையைத் திறந்தேன். திறந்த கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நீர் அதைப் பார்த்தீர். ஒரு சுற்று முழுக்கக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தீர். கயிற்று முனை புழுதியில் இழுபட்டதும் ராட்டினக்காரன் எஞ்சினை நிறுத்திச் சத்தம் போட்டான். எல்லோரும் பார்க்க, அந்தக் கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி மேலே எடுத்தீர். இறங்கி வந்து பிலோமிக்குச் சவ்வு மிட்டாய் வாங்கினீர். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தீர். ஓர் அறை அறைந்திருக்கக் கூடாதா?

கிறிஸ்மஸ் முடிந்து ஆழக்கடலுக்குப் போகிற முதல் நாள், விடியுமுன் கரைக்கு வந்தேன். வள்ளத்தில் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பெரியதாழையிலிருந்து கூலிக்கு வந்தவர். படிக்கிற பயலுக்குக் கை காய்த்துப்போகும் என்று மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர். ஐந்து வருஷமாகக் காய்த்த கையை வைத்துக்கொண்டு நான் அலையில் நின்றேன். வள்ளம் போய்விட்டது.

மறு வருஷம் அந்த மனிதர் பக்கத்து வள்ளத்தோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீர் இரண்டு இழுப்பு இழுத்தீர். அவருக்கு உறைக்கவில்லை. இன்னும் இரண்டு இழுத்துப் பார்த்துவிட்டு நீரே நீந்தி மேலே வந்தீர், காதிலும் மூக்கிலும் ரத்தத்தோடு. இடது காது அன்றோடு போயிற்று. நெஞ்சு அதன்பிறகு நேராகவே இல்லை. இருமி இருமியே இந்தப் பங்குனியில் போய்ச் சேர்ந்தீர். பெரியதாழைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு நீர் யார்? என் அக்காள் தாலியை அவர் கையில் கொடுத்தது நீர்தானே.

எனக்கு ஒரு நியாயம் இருந்தது மச்சான். சுற்றுகிற ராட்டினத்தில் கயிற்றைக் கட்டி ஒருவன் கீழே நின்று பிடித்தால், அது அச்சில் சுற்றிக்கொள்ளும். நான் பிடித்துக்கொண்டே நின்றிருந்தால் உம் இடுப்பும் பிள்ளை இடுப்பும் ஒடிந்திருக்கும். இதைக் காகிதத்தில் வரைந்துகூட வைத்திருந்தேன், உம்மிடம் காட்டுவதற்கு. நேற்று அக்காவிடம் இதையெல்லாம் கத்தினேன். விட்டது தப்பா, சொல்லு, விட்டது தப்பா என்று கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “விட்டது சரிதான்னு அவரே சொன்னாரு. சுத்துற சாமானுல கயித்தக் கட்டினது என் மடத்தனம்னாரு. ஆனா விடப்போறேன்னு ஒரு இழுப்பு இழுக்கலியே, அந்தக் கைய நம்பி எப்படிக் கீழ எறங்கன்னு கேட்டாரு.”

இதை என்னிடம் சொல்ல உமக்கு வாய் இல்லையா? ஒரே தெருவில்தானே இருந்தோம். ஒரே கோயிலில் ஒரே பெஞ்சில் முழங்கால் போட்டோம். சொல்லியிருந்தால் உம் காலில் விழுந்திருப்பேன். இல்லை, பொய். விழுந்திருக்கமாட்டேன். ராட்டினத்து அச்சைப் பற்றிப் பேசியிருப்பேன். அச்சைப் பற்றிய நினைப்பெல்லாம் எனக்கு மறுநாள்தான் வந்தது. கையைத் திறந்த நேரத்தில் என் மனசில் இருந்தது அந்த இரண்டு கால்சட்டைக்காரச் சிநேகிதர்கள் மட்டும்தான். அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அக்காவிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. உம் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது தலைமாட்டுக் கயிறு என் கையில் இருந்தது. பெட்டி மண்ணைத் தொட்டதும் மற்றவர்கள் விட்டார்கள். நான் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் விட்டேன். அன்றைக்கு எனக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது, எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று சாயங்காலம் பிலோமியைக் கூட்டிப்போனேன். அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு தொட்டிலில் இருந்தார்கள். அதில்தான் ஏறுவேன், மாமா வரவேண்டாம் என்றாள். ஏற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எஞ்சின் உறுமியதும் ராட்டினக்காரன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். அவள் கையை ஒரு தடவை இழுத்துவிட்டு விட்டேன்.

தொட்டில் நகர்வதற்குள் அவள் குனிந்து என் கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர். என்னிடம்தான் பேசவில்லை.