தர்ம விறகு

பவானிபூர், கல்கத்தா
1908, கீலக வருஷம் ஆவணி 12

சௌபாக்யவதி வாலாம்பாளுக்கு அநேக ஆசீர்வாதம். நான் சௌக்கியம். அப்பாவின் இருமலும் உன் கால் வீக்கமும் எப்படி இருக்கிறதென்று எழுது.

இங்கே விறகுக்கடையில் ஒரு வழக்கம். கட்டு வாங்குகிறவர்கள் அதிலிருந்து ஒரு கட்டையை உருவி மூலையில் போடவேண்டும். அநாதைப் பிணங்களை எரிக்க அந்த தர்மம். என் கஞ்சத்தனம் உனக்குத் தெரியாததா? இருப்பதில் ஈரமானதாகப் பார்த்துத்தான் போட்டுவந்தேன்.

நேற்றுக் கடைக்காரர், "மதராஸி பாபு, உங்கள் தேசத்து ஆள் மாதிரி தெரிகிறது, வந்து பாருங்கள்" என்று மசானத்துக்கு அழைத்துப்போனார். ஜுரத்தோடு தெருவில் விழுந்து கிடந்தவனாம். என் வயசுதான். நம்மவர்களைப் போலவே குடுமி, காதில் கடுக்கன் போட்ட துளை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊர் தெரியாமல் யாருக்கென்று தந்தி கொடுப்பது? விறகு பற்றவேயில்லை, ஒரே புகை. நான் போட்ட கட்டைகளும் அதில் இருந்திருக்கும்.

பயப்படாதே, ஸ்நானம் பண்ணிவிட்டேன். இன்று காலை அடுப்பு புகைந்தபோது மட்டும், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. இனி காய்ந்த கட்டையாகவே போடுவேன்.

நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்பு. அப்படியே தட்டானிடம் சொல்லிச் சின்னதாய் ஒரு செப்புத் தகட்டில் என் பேரும் ஊரும் வெட்டி வாங்கு. இங்கிலீஷில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்து வெட்டினால் போதும். அரைஞாணில் கட்டிக்கொள்ளத்தான், வேறொன்றுமில்லை. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

ஊர்ப் பேர் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

பஞ்சாபகேசன்