பழுதுக்கு மட்டும் இடமுள்ள படிவம்

மே 4

பட்டாணியின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று போனில் நம் பட்டாணியின் கல்லூரிப் பேச்சை எடுத்து நாலாவது நிமிடத்தில் நீங்கள் கத்தினீர்கள், ஐந்தாவது நிமிடத்தில் நான் கத்தினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "இனிமே ரெண்டு பேரும் லெட்டர் எழுதுங்க. எழுதுறப்ப கத்த முடியாதுல்ல" என்றாள். வருகிற கடிதமும் போகிற கடிதமும் அவள் படித்த பிறகுதான் என்பது நிபந்தனை. சரி என்றுவிட்டேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

அவள் நிலவியல்தான் படிப்பாளாம். கல்லும் மண்ணும் பொறுக்கிச் செருப்பு டப்பாக்களில் அடுக்கியபோதே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு இருப்பது மூன்று இடத்தில். உங்கள் ஊரில் ஒன்று, இந்த ஊரில் ஒன்று, ரயிலில் ஒரு முழு நாள் போனால் வருகிற ஊரில் ஒன்று. மூன்றாவதைப் பேச்சுக்குத்தான் பட்டியலில் வைத்திருக்கிறோம். இரண்டு கல்லூரிக்கும் நேரில் போய்ப் பார்க்க நாள் குறித்திருந்தோம். ஊரெல்லாம் பரவுகிற இந்தக் காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. கேட்டைப் பூட்டி, 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டிவிட்டார்கள். கல்லூரி அனுப்பிய புத்தகங்கள்தான் வீட்டில் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு மரம், மரத்தடியில் மூன்று பேர் சிரிக்கிறார்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூன் 20. பூட்டிய கேட்டுக்குள் போக முடிந்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் ஊர்க் கல்லூரி விடுதி லிஃப்ட்டுகளை நீங்கள்தானே பழுது பார்க்கிறீர்கள்? போய்ப் பார்த்து எழுதுங்கள். ஒன்றே ஒன்று. அவளை உங்கள் பக்கம் இழுக்கிற மாதிரி எழுத வேண்டாம். நானும் இங்கே இழுக்க மாட்டேன். பிரியும்போது நாம் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அதையாவது காப்பாற்றுவோம்.

பரிசோதனைக்கூடத்தில் நான் ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். யார் முகமும் மனசில் நிற்பதில்லை.

பட்டாணியின் அம்மா

படித்தேன். ஒட்டுகிறேன். — பட்டாணி


மே 16

பட்டாணியின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதி வராது. மாதச் சர்வீஸ் முடிந்ததும் நிரப்பிக் கொடுக்கிற படிவம் ஒன்றுதான் நான் எழுதுகிற எழுத்து. அந்தப் படிவத்தில் பழுதுக்கு மட்டும்தான் இடம் உண்டு. நன்றாக ஓடுவதைப் பற்றி எழுத அதில் கட்டமே கிடையாது. அதனால் அப்படியே எழுதுகிறேன். அவளை நான் இழுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நேற்றுப் பெண்கள் விடுதிக்குப் போனேன். ஒரு ஆள் இல்லை. காவலாளி மட்டும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கண்டவை:

இரண்டாம் எண் லிஃப்ட், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு உலுக்கு உலுக்குகிறது. மூன்றாவது மாடிக் குளியலறையில் ஒரு குழாய் ஒழுகுகிறது. நடைவழியில் நாலு பல்பு இல்லை. விடுதியிலிருந்து வகுப்புக் கட்டடத்துக்கு நடந்து பார்த்தேன், பத்தொன்பது நிமிடம் ஆகிறது. வழி நெடுக மரங்கள் இலையைக் கொட்டி வைத்திருக்கின்றன, மழை பெய்தால் வழுக்கும். நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்களாம்.

என் ஊரிலேயே இருக்கிறது என்பதற்காக யோசிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். நான் பாதி நாள் வேலை வேலை என்று வெளியூரில்தான் கிடப்பேன்.

லிஃப்ட் மெக்கானிக் (உன் மகளின் அப்பா)


மே 27

பட்டாணியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். "அப்பா கண்ணுக்கு நல்லதா ஒண்ணுமே படலையா?" என்று கேட்டாள். "உங்க அப்பா எதைப் பார்த்தாலும் அப்படித்தான்" என்றேன். பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. சொன்னது சொன்னதுதான்.

இங்கே எனக்கும் கல்லூரிக்குள் போக வழி கிடைத்தது. ஊழியர்களுக்குக் காய்ச்சல் பரிசோதனை முகாம் போட்டார்கள். விளையாட்டு அரங்கில் மூன்று நாள் உட்கார்ந்து ரத்தம் எடுத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

நீங்கள் நேர்மையாக எழுதியபோது நான் மட்டும் புகழ்ந்து எழுதினால் அது நியாயமில்லை. எங்கள் அறிக்கையிலும் அளவு தப்பியவற்றுக்குத்தான் நட்சத்திரக் குறி போடுவோம். இதோ நட்சத்திரங்கள். அரங்கின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. குடிநீரில் மருந்து வாடை. நிலவியல் ஆய்வுக்கூடத்தில் ஆறே ஆறு நுண்ணோக்கிகள், அதில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை, அதனால் வீட்டை விட்டு வெளியே வந்த மாதிரியே அவளுக்கு இருக்காது. என் மூஞ்சியையே இன்னும் நாலு வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக, இரண்டிலும் குறை. அவளே முடிவெடுக்கட்டும்.

பட்டாணியின் அம்மா

படித்தேன். — பட்டாணி


ஜூன் 7

உனக்கு,

இதை உன் பரிசோதனைக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். பட்டாணி படிக்க வேண்டாம். அவளுடைய நிபந்தனையை மீறுகிறேன் என்று தெரியும்.

அன்று நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். மூன்றாவது மாடியில் மூலை அறை ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன். காற்று அப்படி வந்தது. சட்டையெல்லாம் கிரீஸ், கட்டிலில் உட்காரக் கூடாது என்று தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னலுக்கு நேரே குன்றை வெட்டிய இடம் தெரிகிறது. சாம்பல், சிவப்பு, மஞ்சள் என்று பாறை அடுக்கடுக்காக இருக்கிறது. பார்த்தால் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிடும். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் என் பணிமனையின் தகரக் கூரை. நாற்பது நிமிடம் அங்கேயே இருந்திருக்கிறேன். காவலாளி வந்து, "லிஃப்ட்டு மேல மாட்டிக்கிச்சா சார்?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

பத்தொன்பது நிமிடம் என்று எழுதினேனே, அது என் முழங்காலுக்கு. அவளுக்குப் பத்துகூட ஆகாது. குழாயை அன்றே நானே சரி செய்துவிட்டேன். வெளியூர் வேலையை வேண்டாம் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. நான் இங்கேதான் இருக்கிறேன், எல்லா நாளும்.

அவள் இங்கே வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. உன்னைக் கேட்காமல் அவளிடம் சொல்வது முறையில்லை. நீ சரி என்றால் அடுத்த கடிதத்தில் அவள் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். கடைசி நாளுக்குள் பதில் போடு.

நான்தான்


ஜூன் 18

உங்களுக்கு,

காய்ச்சலில் தபாலும் படுத்துவிட்டது. உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. மாதிரிக் குழாய்களை அடுக்கும் மேசையில் வைத்துப் படித்தேன்.

நானும் மறைத்தேன். முகாமில் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பட்டாணியின் கல் ஒன்றை வைத்திருந்தேன். நிலவியல் ஆசிரியை ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தார். நான் ஊசி குத்துவதையே அவர் கவனிக்கவில்லை. மறு கையால் அந்தக் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை யார் பொறுக்கினாங்க? கண்ணு நல்ல கண்ணு. என்கிட்ட அனுப்பி வைங்க அந்தப் பொண்ணை" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவளை என்னோடு கட்டிப்போடப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். அவள் போய்விட்டால் நான் வீட்டில் யாரோடு பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. அதையும் சொல்லவில்லை.

நேற்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் பன்னிரண்டாம் தேதியே விண்ணப்பித்துவிட்டாளாம். மூன்றாவது கல்லூரிக்கு மட்டும்.

"அதை யாருமே பார்க்கலையேடி" என்றேன்.

"அதுக்காகத்தாம்மா. ரெண்டு பேரும் உள்ள போய்ப் பார்த்தீங்க. பார்த்துட்டு வராதேன்னு எழுதிட்டீங்க. யாரும் வேண்டாம்னு சொல்லாத இடம் அது ஒண்ணுதான்."

உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். ஆசிரியை சொன்னதையும் சொன்னேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்றேன். முழுக்கப் படித்தாள். மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை முதல்லயே எழுதியிருந்தா நம்பியிருப்பேன். இப்ப நான் கிளம்பறேன்னதும் எடுத்து நீட்டுறீங்க."

அவள் கிளம்புவது தெரியாமலே நீங்கள் எழுதியது என்று தேதியைக் காட்டினேன். பார்த்தாள். "சரிம்மா" என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நான்


ஆகஸ்ட் 2

பட்டாணியின் அப்பாவுக்கு,

நேற்று ரயில் ஏற்றிவிட்டேன். நடைமேடைக்குள் பயணிகளை மட்டும்தான் விடுகிறார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே பையைக் கொடுத்தேன். போய்வருவதாக உங்களிடமும் சொல்லச் சொன்னாள். போய்ச் சேர்ந்ததும் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கல் டப்பாக்களை எடுத்துப் போகவில்லை. "கனம்மா, அங்கயும் கல்லு இருக்கும்" என்றாள். பதினொரு டப்பா. அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கின்றன.

அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. அங்கிருந்து அப்படியே வேலைக்குப் போய் நூற்று நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்தேன்.

நம்மை எழுதச் சொன்னவளே போய்விட்டாள். இனிமேல் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலைக் காட்டுங்கள்.

பட்டாணியின் அம்மா


செப்டம்பர் 15

பட்டாணியின் அம்மாவுக்கு,

எழுத வேண்டியதில்லை என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பதில் வேண்டாம்.

கல்லூரியைத் திறந்துவிட்டார்கள், பலகையைக் கழற்றியாயிற்று. நேற்று விடுதியில் மாதச் சர்வீஸ். லிஃப்ட் முழுக்கப் பெண்பிள்ளைகள், ஒரே சத்தம். இரண்டாம் எண்ணில் அந்த உலுக்கலைச் சரி செய்துவிட்டேன். மூன்றாவது மாடி மூலை அறையில் யாரோ ஒரு பெண் இருக்கிறாள். கதவு திறந்திருந்தது. ஜன்னலை மூடி, கம்பியில் துண்டு காயப்போட்டிருந்தாள்.

வேலை முடிந்து படிவத்தை எடுத்தேன். பழுது என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில், 'மூன்றாவது மாடி மூலை அறையில் காற்று நன்றாக வருகிறது' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "இது எதுக்குங்க இங்க?" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

அவர் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பட்டாணியின் அப்பா