சோற்றை நிறுத்தச் சொன்னவள்

அம்மா, இந்தக் கடிதத்தை அப்பாவிடம்கூடக் காட்டிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? எடை குறைந்ததால் புற்றுநோய் ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அப்பா போனில் சொன்னார். காரணம் நான்தான். சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி, சோற்றை நிறுத்து என்று உன்னிடம் அடித்துச் சொன்னேனே. இன்று வகுப்பிலும் அதையே பெருமையாகச் சொன்னேன்.

"அரைகுறை டாக்டரம்மா!" என்றார் உயிரியல் டீச்சர். "உள்ள ஒரு மரபணு கெட்டுப்போய் ஏவுறதாலதான் புற்று செல் சர்க்கரையை அள்ளுது. பட்டினி கிடந்தா உடம்பு தன் சதையைக் கரைச்சாவது சர்க்கரை செஞ்சு குடுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மா.

விடுதியில் குளிர்கிறது. உன் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. கடிதம் கிடைத்ததும் சோறு சாப்பிடு. டாக்டர் திட்டினால் என் பெயரைச் சொல்லு, நான்தான்

வார்டன் கதவைத் தட்டுகிறார்.