தூரத்தைத் தள்ளிப்போட்ட மாத்திரை

என் பாண்டியக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. தோட்டத்தில் திராட்சை பழுத்துவிட்டது. நீ நின்ற வரிசையில் நான் நின்று குலை வெட்டுகிறேன்.

மாதத் தூரத்தைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரையை முதலில் நீயாகத்தான் வாங்கினாய். வீரபாண்டி கோயிலில் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாய். அதே வாரம் உனக்குத் தூரம் வர வேண்டிய நாள். சட்டி எடுத்துவிட்டு வந்து, "மொத தடவையா ஒடம்பு என் பேச்சக் கேட்டுச்சுடி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத் தப்பென்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தப்பு செய்தது நான். தோட்டத்தில் அதைப் பெருமையாகச் சொன்னேன். மேஸ்திரி காதில் விழுந்தது. தூரமான பெண் பந்தலுக்குள் வந்தால் கொடி பட்டுப்போகும் என்று மாதாமாதம் நம்மை வெளியே நிறுத்தியவர்கள், அந்த நம்பிக்கையை விடவில்லை. நம் உடம்பை நிறுத்தினார்கள். அறுப்புக்கு அறுப்பு மாத்திரை அட்டை அட்டையாக வந்தது. எந்த டாக்டரும் நம்மைப் பார்க்கவில்லை. உன் கால் வீங்கியபோது, "நின்னு நின்னு வேல பாத்தா வீங்கத்தான் செய்யும்" என்றார் மேஸ்திரி. நாமும் நம்பினோம்.

ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது என்று கம்பத்து டாக்டர் சொன்னார். மாத்திரையால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார்களே, அது தெரியும்.

இன்று மேஸ்திரி இந்த அறுப்புக்கும் என்னிடம் அட்டையை நீட்டினார்.

"இந்தா புள்ள, அறுப்பு முடியுற வரைக்கும் தெனம் போட்டுக்க."

"எனக்கு முந்தாநேத்தே வந்திருச்சுண்ணே. ரெண்டு நாளா பந்தலுக்குள்ளதான் நிக்கிறேன்."

அவர் சட்டென்று நிமிர்ந்து கொடியைப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்கண்ணே, மயங்கி விழுந்துறப் போகுது" என்றாள் பக்கத்து வரிசை ராமாயி மதினி. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

"மொதலாளி கேட்டாக்க நான் என்னத்தச் சொல்ல?"

"பழம் இனிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு மாத்திர போடாதவுக யாரும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். சாயங்காலம் ஆறு பேர் பேசி முடிவெடுத்தோம். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். மாத்திரையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேண்டியவள் டாக்டரிடம் காட்டி, கேட்டு, தானே வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். உடம்பை மீறிப் போக மனுஷிக்கு ஆசை இருக்கக் கூடாதா? இருக்கலாம். அந்த ஆசை மேஸ்திரியுடையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விடிந்ததும் ஆறு பேரும் போகிறோம். விரட்டினால் தோட்டத்து வாசலிலேயே உட்காருவோம். குலை வெட்ட ஆள் வேண்டுமென்றால் எங்களைத் தாண்டித்தான் கூட்டிப்போக வேண்டும். உன்னைக் கேட்காமல் உனக்குக் கொடுத்ததை, இனி ஒருத்திக்கும் கொடுக்க விட மாட்டேன் அக்கா.

உனக்குப் பின் பிறந்தவள்,
உன் தங்கச்சி