மடங்காத இரண்டாவது தாள்

சிஸ்டர்,

கிளினிக்கில் பழைய ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இன்று காலை உங்கள் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. முதல் தாளின் கீழ்மூலை சுருண்டு கிடக்கிறது. நான் கேள்வி கேட்கக் கேட்க அதை நீங்கள் விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தீர்கள். இரண்டாவது தாளில் ஒரு மடிப்புகூட இல்லை. அது உங்கள் பக்கம் வரவே இல்லை என்பது நம் இருவருக்கும் மட்டுமே தெரியும். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

புத்தூரில் இந்த வேலைக்கு வந்த புதிதில், காட்டூர் கன்னியர் மடத்தில் நீங்கள் நடத்திய பெண்கள் விடுதியில்தான் இரண்டு வருடம் இருந்தேன். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போன பிறகு ஒருநாள் நீங்களே நோயாளியாக என் அறைக்குள் வந்தீர்கள். பதறி எழுந்து நின்றேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கேள்வித்தாளை வைத்துக் கேட்டு மதிப்பெண் போடவேண்டியவள், விடுதிப் பெண்ணாகிவிட்டேன்.

முதல் தாள் மனச்சோர்வுக்கானது. கடந்த இரண்டு வாரத்துத் தூக்கம், பசி, அழுகை எல்லாம் அதில் வரும். எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். "ஜெபம்கூட வரலம்மா. வாய் மட்டுந்தான் அசையுது" என்றீர்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

இரண்டாவது தாள் வாழ்நாள் முழுவதையும் கேட்கும். தூங்காமலே உற்சாகம் பொங்கிய நாட்கள் உண்டா, வாய் ஓயாமல் பேசினீர்களா, உடல் இச்சை வழக்கத்தைவிட அதிகமானதா என்று போகும். ஆமாம் என்று நிறைய வந்தால் அது வெறும் மனச்சோர்வாக இல்லாமல், ஏற்றமும் இறக்கமுமாக வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அது மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனாலும் அந்த இச்சைக் கேள்வியில் கண் பட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. முக்காடும் சிலுவையுமாக உட்கார்ந்திருக்கும் உங்களிடம் இதை எப்படிக் கேட்பது? அதை மட்டும் வெறுமையாக விட்டால் ஏன் என்று டாக்டர் கேட்பார். அதனால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று நானே டிக் போட்டேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் கண்மூடாமல் விடுதிச் சுவர் முழுக்க நீங்களே வெள்ளையடித்ததும், நாங்கள் கைதட்டியதும் அப்போது நினைவுக்கு வந்தன. வந்தும் டிக் போட்டேன். என் கூச்சத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் என் தாளை நம்பி, சோர்வுக்கான மாத்திரையை மட்டும் எழுதினார். ஆறு வாரம் கழித்து, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள் மேல் ஏறி நின்று, முக்காட்டைக் கையில் சுழற்றியபடி, சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரையும் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தீர்கள். யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா அதைக் காட்டி, "பாருங்களேன் இந்தக் கூத்த" என்று சிரித்தார். உங்களைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் சிரித்தேன், சிஸ்டர்.

விடுதிப் பொறுப்பை மடத்தில் உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த விடுதிதான் உங்களுக்கு உலகம். மறுபடி உங்களைக் கிளினிக்குக் கூட்டி வந்த அன்று, டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் முன்னாடியே கேட்டீங்கதானே?"

"கேட்டேன் டாக்டர். சிஸ்டர் இல்லைன்னு சொன்னாங்க."

நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு முறை என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமா டாக்டர், நான்தான் மறந்துட்டேன்" என்றீர்கள்.

அன்றே புதுத் தாளை வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். அந்தக் கேள்வி வந்ததும் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "இதுக்கா அன்னிக்கு உனக்கு அப்படி வேர்த்துச்சு? ஆமான்னு போடும்மா. நாங்களும் மனுஷங்கதான்."

மருந்து மாறியது. அடுத்த நான்கு வருடம், இதயம் நின்றுபோகும் வரை, நிதானமாக இருந்தீர்கள். ஆனால் விடுதி திரும்பி வரவில்லை. மாதாமாதம் வந்து என் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு நாற்பது தடவையாவது வாய்ப்பு இருந்திருக்கும். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டேன்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் ஒரு கேள்வியையும் விடுவதில்லை. கூச்சநாச்சம் இல்லாத பொம்பளை என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே திட்டிவிட்டுப் போனார். போகட்டும்.

மதியம் அந்த மடங்காத தாளின் அடியில், "இவற்றை நான் கேட்கவே இல்லை. சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது?" என்றார்.

சனிக்கிழமை தவறாமல் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர் நீங்கள். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை அந்த வாரமே உங்கள் பாவமாகச் சொல்லியிருப்பீர்கள். நான் இன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறேன், சிஸ்டர்.