கிளாசில் இருக்கும் துரை

மச்சாள், இன்று விடியற்காலை ஆறிய பிளேன்டீயை அந்தக் கிளாசில் ஊற்றினேன். வெறும் கிளாசில் கீறல் போலக் கிடந்த துரை, சாயம் ஏற ஏறக் கிருதாவும் மூக்குமாய் எழுந்து வந்தார். தன்னாமுனை வாவியில் பனி கலையவில்லை. நீங்கள் குசினிக்குள் நிற்பதாகவே எனக்குப் பட்டது.

வெள்ளைக்காரர் காலத்துத் தென்னந்தோட்டத் துரை ஒருவர் தன் முகத்தையே கிளாசில் செதுக்குவித்து, கப்பலேறும்போது சமையல்காரிக்குக் கொடுத்தாராம். தாயிடமிருந்து மகளுக்கு என்று இறங்கி, வீடு வளவோடு உங்கள் சீதனமாக வந்தது. என் அண்ணனுக்குத்தான் அது ஆகவே ஆகாது.

"உன்ட முதல் புருசன் முழுசிப் பாக்கான் புள்ள, எனக்குச் சோறு இறங்குதில்ல" என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். நீங்கள் மறுபடி இந்தப் பக்கம் திருப்புவீர்கள். குடும்பம் நடத்திய காலமெல்லாம் இந்தச் சண்டைதான்.

பிறகு கடல் வந்தது. அண்ணனையும் கடற்கரை வீட்டையும் கல்யாணப் பட அல்பத்தையும் கொண்டுபோனது. கிளாசை மட்டும் ஒரு மீன்காரர் வாவிச் சேற்றுக்குள்ளிருந்து எடுத்து வந்தார், ஊரறிந்த கிளாசாயிற்றே. முப்பத்தோராம் நாள் படையலுக்கு அண்ணனின் படம் ஒன்றுமில்லை. நீங்கள் கிளாசைக் கழுவி, தேத்தண்ணி நிரப்பி, படம் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

"ஆர்ர மூஞ்சிக்கு மச்சாள் மாலை போடப் போறீங்க?"

"மாலை இவருக்கில்ல கா. அவரை ஒவ்வொரு நாளும் பாத்த கண் எங்கட வீட்டில இது ஒண்டுதான் மிச்சம். இரிக்கட்டும்."

அதன்பிறகு என்னோடுதான் இருந்தீர்கள். அண்ணனின் முகம் மங்குகிறது என்று பயந்தீர்கள். பின்னேரங்களில் வாவியோரம் இருந்து, "மச்சம் எந்தப் பக்கம்? சிரிச்சா கண் சின்னனாகுமா?" என்று கேட்பீர்கள். படுவான்கரைப் பக்கம் செல் விழுந்து வெடித்த நாட்களிலும் கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் முகம் தெளியும். யுத்தம் முடிந்ததென்று வெடி கொளுத்திய கிழமையில் காய்ச்சலோடு நீங்களும் போய்விட்டீர்கள்.

உங்கள் அடையாள அட்டை என்னிடம் இருக்கிறது. அதில் நீங்கள் சிரிக்கவில்லை.

இப்போது யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் பின்னேரமானால் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். அண்ணனுக்கு மச்சம் இடப்பக்கம். மச்சாள் சிரித்தால் மேல்பல் ஒன்று முந்திக்கொண்டு தெரியும். நான் போனால் இரண்டு முகமும் என்னோடு போய்விடும். அதனால்தான் மச்சாள், மருந்தை நேரத்துக்குக் குடிக்கிறேன்.